இடப்பக்கத்து லூட்

"ஒயர் விட்டிருக்கும்டீ. தெனமும் அதை மாட்டிக்கிட்டே தூங்குனா?"

வாயில் பிரஷ்ஷோடு கேட்டாள் அறைத்தோழி வான்மதி.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

டிரம்ஸ் கேட்டது. எலெக்ட்ரிக் கிதார் கேட்டது.

லூட் இல்லை.

பாதிப் பூசணி போல வயிறு வைத்த நரம்புக் கருவி. எந்தக் காலத்திலோ ஐரோப்பிய அரண்மனைகளில் வாசித்தது. அதை ஒரு ராக் குழுவுக்குள் கொண்டுவந்து உட்காரவைத்த ஆல்பம். லூட் முழுக்க இடது காதில், மற்ற ஆர்ப்பாட்டமெல்லாம் வலதில். கடைசிப் பாட்டில் மட்டும் இரண்டும் ஒன்றையொன்று தேடி வரும். அவை சந்திக்கும் இடம் நம் மண்டைக்குள் இருக்கிறது என்று விடுதி முழுக்கச் சொல்லித் திரிந்தவள் அவள். மெஸ் அக்காவைக்கூட விடவில்லை.

"தேங்கா துருவுற மாதிரி இருக்கு கண்ணு," என்றிருந்தார் அவர்.

"மாத்தி மாட்டிப் பாரேன்," என்றாள் வான்மதி.

இடதை வலதாக்கி மாட்டினாள்.

லூட் வந்தது. சொட்டுச் சொட்டாக.

"வந்துருச்சுடீ!"

"அப்பாடா. இன்னிக்கு எனக்கு விடுதலை."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

டிரம்ஸைக் காணோம்.

மறுபடி மாற்றினாள். டிரம்ஸ் வந்தது. லூட் போனது.

ஒயர் நன்றாகத்தான் இருந்தது.

நேற்று குளித்ததிலிருந்து இடது காது அடைத்தாற்போல் இருந்தது. தண்ணீர் புகுந்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஹெட்போனைக் கழற்றி, இடது காதோரம் விரலைச் சொடுக்கினாள்.

சத்தம் வலப்பக்கம் எங்கிருந்தோ வந்தது.

மறுபடி சொடுக்கினாள். மறுபடியும் வலப்பக்கம்தான்.

"மதி, இங்க வாயேன். இந்தக் காதுல என் பேரைச் சொல்லு. மெதுவா."

"காலங்காத்தால என்னடீ விளையாட்டு?"

"வாயேன்."

வலது காதில் மட்டும் ஹெட்போனை வைத்து, அதில் வேறெதுவும் விழாதபடி டிரம்ஸைக் கூட்டினாள். மண்டை அதிர்ந்தது. இடது காதைத் திறந்து வைத்தாள். கண்களை மூடிக்கொண்டாள்.

கட்டிலின் ஓரம் அமுங்கியது.

பற்பசை வாசனை.

காது மடலில் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு பட்டது. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

தோளை ஒரு கை இறுகப் பற்றியது.

கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது.

"சொல்லு மதி," என்றாள். "சொல்லேன்டீ."