ஒரு லிட்டர் தப்பு

"அண்ணே, இந்த ஆயிலை உடனே இறக்குங்க. மாமாவுக்குத் தெரிஞ்சா என் கதை கந்தல்!"

காரை விட்டு இறங்கும்போதே மாப்பிள்ளை கெஞ்சினான். மாமனார், மாப்பிள்ளை இருவருடைய கார்களுக்கும் இந்த மெக்கானிக்தான் வைத்தியர்.

இது மாமனாருடைய கார். வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. அவர் வேறு யாரையும் தொடக்கூட விட்டதில்லை. மகளுக்கு நிறைமாதம், அவசரத்துக்கு நல்ல வண்டி இருக்கட்டும் என்று இதைக் கொடுத்துவிட்டு, இவனுடைய பழைய வண்டியை எடுத்துப் போயிருந்தார். சாவியைக் கொடுக்கும்போது, "உங்களை நம்பித்தான் மாப்பிள்ளை" என்றார். அந்த வார்த்தைதான் இவனை இப்போது இங்கே ஓடிவர வைத்தது.

"அப்படி என்னத்த ஊத்துனீங்க?"

"அளவுக் கம்பியில ஆயில் கொஞ்சம் கீழே இருந்துச்சு. மாமா மெச்சிக்கட்டுமேன்னு, என் வண்டிக்கு வாங்கி மிச்சம் வச்சிருந்ததை ஒரு லிட்டர் ஊத்திட்டேன். அப்புறமாத்தான் வண்டியோட புத்தகத்தைப் புரட்டினேன்."

"எல்லாரும் அப்புறமாத்தான் புரட்டுறாங்க" என்று முணுமுணுத்த மெக்கானிக், காரின் அடியில் தட்டை வைத்து ஆயிலைத் திறந்துவிட்டார்.

"தம்பி, இது டர்போ வச்ச டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின். பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ளயே பீச்சும். டர்போங்கிறது எஞ்சினுக்குக் காத்தைத் தள்ளுற காத்தாடி, நிமிஷத்துக்கு லட்சம் சுத்து சுத்தும். அதுக்கு மெல்லிசான சிந்தெடிக் ஆயில்தான் சட்டுனு போய்ச் சேரும். உங்க பழைய எஞ்சினுக்குக் கெட்டி ஆயில்தான் சரி. மாத்தி ஊத்தினா ரெண்டுக்குமே ஆபத்து."

"எஞ்சின் போச்சாண்ணே?"

"வீட்டுலேர்ந்து இங்க வந்த தூரம்தானே ஓடியிருக்கு? ஒண்ணும் ஆகலை."

மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கடைப்பையன் எவனும் இல்லாததால் டீக்கடைக்காரரே இரண்டு டீ கொண்டுவந்தார். மெக்கானிக் ஒன்றை எடுத்துக்கொண்டார். இன்னொன்றுக்குக் கை நீட்டிய மாப்பிள்ளையைக் கவனிக்காமல், அதைப் பின்பக்கம் பாதி இறக்கியிருந்த ஷட்டருக்கு அடியில் தள்ளினார். யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

"அண்ணே, மாமாகிட்ட இதைச் சொல்லிடாதீங்க."

"நான் யாரைப் பத்தியும் யார்கிட்டயும் சொல்றதில்லை. ஆனா முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியுமா? நீங்களே போன் போட்டுச் சொல்லிடுங்க. மனசு லேசாயிடும்."

மாப்பிள்ளை யோசித்தான். நம்பித்தானே கொடுத்தார்? திட்டினால் திட்டட்டும். நெற்றியைத் துடைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினான்.

ஷட்டருக்குப் பின்னால் மணி அடித்தது.

மெக்கானிக் ஷட்டரை மெல்ல மேலே ஏற்றினார். ஒரு கையில் டீ கிளாஸும் மறு கையில் அலறும் போனுமாக மாமனார் நின்றார். அவருக்குப் பின்னால், இவனுடைய பழைய வண்டியிலிருந்தும் ஆயில் தட்டில் வடிந்துகொண்டிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை" என்றார் அசடு வழிய. "உங்க வண்டியிலயும் ஆயில் கொஞ்சம் கீழேதான் இருந்துச்சு. நீங்க மெச்சிக்கட்டுமேன்னு என்னோட மெல்லிசு ஆயிலை ஒரு லிட்டர் ஊத்திட்டேன்!"