மேலே ஒரு கோடு

உலர்பனிப் பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை மூடியின் விளிம்பில் மட்டும் பிடித்தான். கைச்சூடு பட்டால் உள்ளே உறைந்திருக்கும் புரதம் கெட்டுவிடும்.

மூடியில் நீல மையில் 'சு'. சுகிர்தாவின் கையெழுத்து.

அவள் செய்து வைத்ததில் இது ஒன்றுதான் மிச்சம். குளிர் அறையில் அவனுடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கையை இரண்டு சுற்று மடித்துவிட்டு, மூக்கை உறிஞ்சியபடியே பிரித்தெடுத்தது.

அடுத்த மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

ஸ்வெட்டரை ஆஸ்பத்திரியில் ஒரு பையில் போட்டு அவனிடம் கொடுத்தார்கள்.

"அண்ணா, புரதம் டி.என்.ஏ.ல ஒட்டுச்சுன்னா மிச்சத்த நான் எடுத்துக்குறேன்," என்றாள் பக்கத்து மேசை பர்வீன். "செத்துப்போயிருந்தா..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கெட்டுப்போயிருந்தா தூக்கிப் போட்டுடுங்க."

தலையாட்டினான்.

மரபணுவை அடக்கும் புரதம் அது. டி.என்.ஏ.வில் தனக்கான இடத்தைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் அந்த மரபணு வாய் திறக்காது.

பிடித்ததா என்று, மின்சாரம் பாய்ச்சிய ஜெல் பலகையில் ஓடவிட்டுப் பார்க்கலாம். புரதத்தோடு இருக்கும் டி.என்.ஏ. மெதுவாக நகரும். கோடு மேலேயே நின்றுவிடும்.

தனியாக இருப்பது கடகடவென்று அடிக்குப் போய்விடும்.

இரண்டு குழாய்களில் டி.என்.ஏ. எடுத்தான். முதலாவதில் எதுவும் சேர்க்கக் கூடாது. அது ஒப்பிட்டுப் பார்க்க.

இரண்டாவதில் சுகிர்தா செய்ததைச் சேர்க்க வேண்டும்.

துளி உறிஞ்சும் பைப்பெட்டின் முனை குப்பிக்கு மேலே நின்றது.

பர்வீன் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ கழுவிக்கொண்டிருந்தாள்.

ஜெல் ஓடி முடிந்ததும் விளக்கின்மேல் வைத்தான். இரண்டு கோடுகள். இரண்டும் அடியில்.

மேலே ஒன்றுமில்லை.

"அய்யோ, அக்கா கைராசிக்கே இப்படியா?" பர்வீன் எட்டிப் பார்த்தாள். "இனி நான்தான் ஒரு வாரம் குளிர் அறையில கெடந்து நடுங்கணும். குப்பிய போட்டாச்சாண்ணா?"

"ம்."

அவள் சாப்பிடப் போனபின் உலர்பனிப் பெட்டியைத் திறந்தான். குப்பிமேல் வெள்ளை பூத்திருந்தது. மூடி திறக்கப்படவே இல்லை.

ஃப்ரீசரில், தன் பெட்டிகளுக்குப் பின்னால், கை எட்டும் தூரம்வரை தள்ளி வைத்தான்.

மறுநாள் பர்வீன் வருவதற்கு முன்பே வந்து, அவள் நாற்காலியில் ஸ்வெட்டரை மாட்டினான்.

கைமடிப்பைப் பிரிக்கவில்லை.