ஒரே ஓட்டை

துப்பாக்கி சுடும் போட்டி மேசையில் இரண்டு மணல்மூட்டைகள். துப்பாக்கியின் முன்பக்கத்தைத் தாங்கும் வேலையோ ஒன்றுக்குத்தான். அது தனக்கே என்று மெத்துமெத்தென்ற வெல்வெட் மூட்டை நம்பியது. பக்கத்தில் தோல்மூட்டை கல் மாதிரி இறுகிக் கிடந்தது; போதாக்குறைக்கு முகமெல்லாம் பவுடர்.

"என்ன அண்ணே, கல்யாணத்துக்கா வந்தீங்க?" என்று சிரித்தது வெல்வெட்.

முதல் வாய்ப்பு வெல்வெட்டுக்கு. "அசையவே விடமாட்டேன் கண்ணு!" என்று துப்பாக்கியை ஆசையாய்க் கட்டிக்கொண்டது. வெடிக்கும்போதெல்லாம் துப்பாக்கி பின்வாங்கத் துடித்தது, வெல்வெட் விடவில்லை. ஐந்து குண்டுகளும் இலக்கு அட்டையில் திசைக்கொன்றாய்ச் சிதறின.

சுடுகிறவர் மூட்டையை மாற்றிவிட்டுப் புது அட்டை வைத்தார். தோல்மூட்டை துப்பாக்கியைப் பிடிக்கவே இல்லை. வெடித்ததும் துப்பாக்கி பவுடரில் வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. அவர் முன்னால் தள்ளிவிட்டதும் பழைய இடத்திலேயே வந்து அமர்ந்தது. ஐந்து தடவையும் அப்படியே.

வெல்வெட் எட்டிப் பார்த்தது. அட்டையில் ஒரே ஒரு ஓட்டை.

"ஐயோ அண்ணே, நாலு குண்டு வீணாப் போச்சே!"

"ஒண்ணும் வீணாகல தம்பி. அஞ்சும் அந்த ஓட்டை வழியாத்தான் போச்சு."

வெல்வெட்டுக்கு உள்ளிருந்த மணலெல்லாம் சிலிர்த்தது. தோல்மூட்டையின் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டது:

"அண்ணே, அந்தப் பவுடர்ல எனக்கும் கொஞ்சம் கிடைக்குமா?"