அப்பா கரடி எங்கே?

“ஆத்துல விழுந்தவன் சட்டை நனையாம எப்படிக் கரையேறினான்? உண்மையைச் சொல்லுங்க!”

போனில் மிரட்டியது போலீசும் இல்லை, வக்கீலும் இல்லை. இரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு வாண்டு. பதில் சொல்ல வேண்டியவர் கரடி வேஷத்தில் இருந்தார்.

“அது வந்து... சீக்கிரம் காயுற துணி கண்ணா!” என்றார் கரடி மாமா.

‘டமாரம்’ என்கிற குட்டிக் கரடியின் கார்ட்டூன் முடிந்ததும், கதையில் இருக்கிற ஓட்டைகளைப் பற்றிக் குழந்தைகள் டிவி நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்பார்கள். நேரலையில் கரடி மாமா சமாளிக்க வேண்டும். ‘தெரியாது’ என்று சொல்லக் கூடாது, போனை வைக்கவும் கூடாது என்பது டைரக்டரின் உத்தரவு. போன வாரம் ஒரு கேள்விக்குத் திணறியதற்கே, “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற கரடி பார்த்துக்கறேன்” என்று அவர் கத்தியிருந்தார்.

விளம்பர இடைவேளை வந்தது. கரடித் தலையைக் கழற்றி, வியர்வையைத் துடைத்துவிட்ட ஒப்பனைக்கார அக்கா சொன்னாள்: “தம்பி, உங்க போன் மறுபடியும் அடிக்குது. வீட்லேர்ந்துதான்.”

“சைலன்ட்ல போட்டுடுங்கக்கா. அப்புறம் பேசிக்கறேன்.”

“தினமும் இதையேதான் சொல்றீங்க.”

அவர் பேச்சை மாற்றினார். “பச்சைக் குழந்தைங்ககிட்ட வாய் கூசாம புளுகறேன். எனக்கே அசிங்கமா இருக்குக்கா.”

மறுபடி தலையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது, காதிலிருந்த இயர்போனில் டைரக்டரின் குரல் கேட்டது. “இதுதான் கடைசி போன். பேர் சொல்ல மாட்டேங்குது. அழுதுடும் போல இருக்கு, பார்த்துப் பேசுங்க.”

“கரடி மாமா... டமாரத்தோட அப்பா எங்க?”

கதையின் ஆரம்பத்தில் தேன் எடுக்கப் போன அப்பா கரடி அப்புறம் வரவே இல்லை. எழுதியவர்கள் அவரைச் சுத்தமாக மறந்துவிட்டார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் டைரக்டர், பேசு பேசு என்று கையை ஆட்டினார்.

“தேன் எடுக்கப் போயிருக்காரும்மா.”

“அவங்க வீட்டு மரத்துலயே தேன் இருக்கே?”

“அது... சின்னக் கூடு. அவருக்குப் பெரிசா வேணுமாம்.”

கேமராக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“டமாரத்தோட பிறந்த நாளுக்குக்கூட வரலையே?”

“வழி மறந்து போயிருக்கும்.”

“கரடி எங்க போனாலும் மோப்பம் பிடிச்சே வீட்டுக்கு வந்துடும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“இதை எப்பய்யா சொன்னீங்க? நம்ம ஷோவுல வரலையே!” என்றார் டைரக்டர் காதுக்குள்.

சொன்னதென்னவோ நிஜம்தான். கரடித் தலைக்குள் அவருக்கு முகம் கொதித்தது. நல்லவேளை, இந்த மூஞ்சி யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

“அப்பா கரடிக்கு... சளி. மூக்கடைச்சுக்கிச்சு. மோப்பம் தெரியலை.”

இந்தத் தடவை எல்லோருமே சிரித்துவிட்டார்கள். போனில் மட்டும் சிரிப்பு இல்லை.

“சளி சரியானா வந்துடுவாரா?”

கரடி மாமா கூனிக்குறுகிப் போனார். “வந்துடுவாரும்மா” என்று சொல்லும்போது கரடிக் குரல் போய்ச் சொந்தக் குரல்தான் வந்தது.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு நேரலையில், எல்லா வீட்டு டிவியிலும் அந்தக் குரல் வந்தது.

“சரிப்பா. அதுவரைக்கும் என் போனையாவது எடுங்கப்பா.”