அழுக்கின் நிறம்

விண்வெளியில் மிதந்தபடி தொலைநோக்கியின் மூடியைக் கழற்றியதும் பூங்கோதை அதைப் பார்த்துவிட்டாள். எட்டு வருடமாக வந்த படங்களையெல்லாம் மங்கலாக்கிய அழுக்கு, லென்ஸின் நடுவில் மிளகளவு ஒட்டிக்கொண்டிருந்தது. மஞ்சளுக்கு நடுவே சிவப்பு. காய்ந்த சந்தனமும் குங்குமமும்.

தொலைநோக்கியை ராக்கெட்டில் ஏற்றுவதற்கு முந்தைய நாள், நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று, யாருக்கும் தெரியாமல் உட்சட்டத்தின் ஓரத்தில் அவளே வைத்த பொட்டு. அது உதிர்ந்து இங்கே வந்திருக்கிறது. முதல் படம் மங்கலாக வந்தபோது, கடைசியாக லென்ஸைத் துடைத்த ஊழியர் மீரான்மேல் பழி விழுந்தது. அன்றைக்கே பொட்டு அவளுக்கு நினைவு வந்தது. வாயைத் திறக்காமல், தவறு அவருடையது என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள். அதன்பின் லென்ஸ் துடைக்கும் அறைக்குள் அவரை யாரும் விடவேயில்லை.

இப்போது பூமியிலிருந்து அவள் காதுக்குள் பேசியதும் அவர்தான். அந்த லென்ஸைத் தொட்டுப் பழகியவர் வேறு யாருமில்லை என்று வீட்டிலிருந்து வரவழைத்திருந்தார்கள்.

"மேடம், நான் மீரான். என்னால உங்களுக்கு எவ்வளவு சிரமம் பாருங்க. மன்னிச்சிருங்க."

"பரவால்ல பாய்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் உடம்பு கூசியது.

"எதைத் தொட்டுத் துடைச்சாப் போகும்னு சொல்லிடறேன். அழுக்கு என்ன நிறம் மேடம்?"

அவள் தோள் மறைத்ததில், பூமிக்குப் படம் அனுப்பும் கேமராவுக்கு எதுவும் தெரியவில்லை. பொட்டு வைத்த மோதிர விரல் கையுறைக்குள் மெல்ல மடங்கியது.

"மேடம்? நான் பேசறது கேக்குதா?"