கடைசி பெஞ்சு அம்மா

பிரின்சிபால் கில்பர்ட்டுக்குக் கோபம் வந்தால்தான் தமிழ் வரும். மற்ற நேரமெல்லாம் இங்கிலீஷ்தான். அன்றைக்கு ஸ்டாஃப் மீட்டிங்கை ஆரம்பித்ததே தமிழில் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெங்களூர் விவேக் நகரில் இருக்கிற அந்தச் சின்னக் கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. மற்ற இடங்களில் நடக்கிற கூத்தெல்லாம் இங்கே நடக்கக் கூடாது என்றார் கில்பர்ட். வாடகைப் பூந்தொட்டி கூடாது. லைப்ரரிக்கு இரவல் புத்தகம் கூடாது.

"முக்கியமா, கிளாஸ நிரப்ப வெளியேருந்து யாராவது ஆள் செட்டப் பண்ணீங்கன்னு தெரிஞ்சது, அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

சொல்லிவிட்டு நேராகக் குளோரியாவைப் பார்த்தார்.

குளோரியா நடத்துவது மாலை நேரத் தமிழ் வகுப்பு. தமிழ் தெரியாதவர்களுக்கும், பேசத் தெரிந்து படிக்கத் தெரியாதவர்களுக்கும். பெங்களூரில் இவர்களுக்கா பஞ்சம்? ஆனால் வகுப்புக்கு வந்தது என்னவோ நாலே பேர். பத்துப் பேர் இல்லாத வகுப்பை மூடச் சொல்லிக் குழு எழுதிவிடும். அந்த அறையில் போடுவதற்கென்று கம்ப்யூட்டர் பெட்டிகள் வராந்தாவில் இப்போதே வந்து இறங்கிவிட்டன. வகுப்பு போனால் குளோரியாவின் வேலையும் போச்சு.

பாவம், அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. நீலசந்திராவில் தன் தெருவில் குடியிருக்கும் ஆட்டோ டிரைவர் தாஸைப் பிடித்தாள். அவர் அக்கம்பக்கத்தில் பேசி, தன்னையும் சேர்த்து ஆறு பேரைத் தேற்றிவிட்டார்.

"தமிழ் படிக்கவே தெரியாத மாதிரி நடிக்கணும்ண்ணா," என்றாள் குளோரியா.

"நடிக்கிறதுக்கு என்னம்மா இருக்கு? நான் படிச்சது கன்னடா ஸ்கூல். வேலூருக்குப் போனா பஸ் போர்டையே பக்கத்துல நிக்கிறவனக் கேட்டுதான் ஏறுறேன்."

குழு வந்த மாலை, குளோரியா தலைகளை எண்ணினாள். பதினொன்று. மறுபடி எண்ணினாலும் பதினொன்று.

கடைசி பெஞ்சில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். புது நோட்டு, அதற்கு அழகாக பிரவுன் அட்டை வேறு. இது யார் என்று தாஸிடம் கண்ணாலேயே கேட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

பிரின்சிபால் வைத்த ஒற்றராக இருக்குமோ?

கேட்டுவிடலாம் என்று நகர்வதற்குள் குழுத் தலைவர் சேஷகிரி உள்ளே வந்துவிட்டார். பின்னாலேயே கில்பர்ட், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

போர்டில் இருப்பதைப் படிக்கச் சொன்னார் சேஷகிரி. தாஸ் எழுந்து 'வாழைப்பழம்' என்பதை வேர்த்து விறுவிறுத்துப் பாதி வரைக்கும் படித்துவிட்டு, மீதியை விட்டு உட்கார்ந்தார். அடுத்து சேஷகிரி போய் நின்றது கடைசி பெஞ்சில்.

"நீங்க ஏன்மா இப்ப வந்து தமிழ் படிக்கிறீங்க?"

அந்த அம்மா பள்ளிப் பிள்ளை மாதிரி எழுந்து நின்றார்.

"எனக்கு மங்களூர் சார். எங்க வீட்டுக்காரர் கோவம் வந்தா மட்டும் தமிழ்ல திட்டுவாரு. கல்யாணம் ஆன நாள்லேருந்து புரியாம சும்மா தலையாட்டிட்டே இருக்கேன். புரிஞ்சா நானும் ரெண்டு வார்த்த திருப்பிக் குடுக்கலாமில்ல?"

குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. கில்பர்ட் மட்டும் சிரிக்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்படி ஆசையாகப் படிக்கிறவர்கள் இருக்கும்போது வகுப்பை மூடுகிற பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார் சேஷகிரி.

குழுவின் கார் கிளம்பியதும் பிரின்சிபால் அறையிலிருந்து அழைப்பு வந்தது. ராஜினாமாவை மனசுக்குள் எழுதிக்கொண்டே போனாள் குளோரியா. அவர் தமிழிலேயே ஆரம்பித்தார்.

"உங்க கிளாஸ்ல நாலு பேர்தானே? மீதிப் பேர் எங்கேருந்து வந்தாங்க?"

"ஆறு பேர நான்தான் சார் கூட்டிட்டு வந்தேன். தப்புதான். ஆனா அவங்களுக்கு நெஜமாவே படிக்கத் தெரியாது. நாளைலேருந்து வர்றோம்னு பேர் குடுத்துட்டுப் போயிருக்காங்க." குளோரியா அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "அந்தக் கடைசி பெஞ்சு அம்மா மட்டும் சத்தியமா யாருன்னு எனக்குத் தெரியாது சார்."

கில்பர்ட் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்னால ஒரு ஆளத்தான் செட்டப் பண்ண முடிஞ்சது மிஸ். அவளுக்கு ஹோம்வொர்க் மட்டும் குடுத்துடாதீங்க, வீட்ல நான்தான் உக்காந்து எழுதணும்."