கலர் டிரஸ்

கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைச் சுற்றித் துடைப்பங்கள், பினாயில் கேன், கிழிந்த மிதியடி. கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தாள் அம்மா. மூச்சுச் சத்தம்கூட வெளியே வரக் கூடாது. வேலைக்கு வருகிறவர்கள் சொந்தப் பிள்ளைகளைக் கூட்டி வந்தால் அன்றோடு கணக்கு முடிந்தது. அம்மா ஆயா வேலை பார்க்கிற அந்தப் பள்ளிக்கூடத்தின் சட்டம் அது.

அவள் படிக்கிற அரசாங்கப் பள்ளியில், டீச்சர்களுக்குப் பயிற்சி என்று லீவு விட்டிருந்தார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

இடுக்கின் வழியே எல்.கே.ஜி. பிள்ளைகளின் கழிவறை தெரிந்தது.

அங்கே அம்மா இருந்தாள்.

"வாங்க தங்கம். ஆயம்மா கழுவி விடட்டுங்களா?"

வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தாள். வீட்டில் அம்மாவுக்கு இரண்டே குரல். ஒன்று வேலை ஏவ. இன்னொன்று வைய. இந்த மூன்றாவது குரலை இத்தனை நாளும் எங்கே வைத்திருந்தாளோ தெரியவில்லை.

கால்சட்டையை நனைத்துக்கொண்டு வந்த பையன் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினான். அம்மா அவனைத் தூக்கி நிறுத்தினாள். கழுவினாள். துண்டால் ஒற்றினாள். முதுகிலும் கழுத்திலும் பவுடர் போட்டாள். அலமாரியிலிருந்து மாற்று உடுப்பு வந்தது. அவனை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள்.

ஆயம்மா கையில் பினாயில் நாத்தம் என்று அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். அப்படியே கொண்டையையும் பிடித்து இழுத்தான்.

அம்மா சிரித்தாள்.

வீட்டில் அவள் அந்தத் தலையில் கை வைக்க முடியாது. நாளெல்லாம் நின்று நின்று உசுரு போகுது, தள்ளிப் படுடி என்பாள்.

மத்தியானம் வரை அவள் இடுக்கை விட்டு நகரவில்லை. பார்க்கப் பார்க்க ஒன்று விளங்கியது. நேரத்துக்குச் சொல்லிவிட்டு வந்த பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை. உட்கார வைத்து, எழுப்பி, அனுப்பிவிட்டாள். நனைத்துக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் எல்லாம். துண்டு, பவுடர், மடி, தங்கம்.

அவளுக்கும் காலையிலிருந்து முட்டிக்கொண்டுதான் இருந்தது.

கதவைத் தள்ளினாள். ஈரத் தரையின் நடுவில் போய் நின்றாள். தீபாவளிக்கு எடுத்த ஆரஞ்சு கவுன்.

சூடாகக் காலில் இறங்கியது.

அம்மா திரும்பினாள்.

இவள் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினாள், அந்தப் பையனைப் போல.

அம்மாவின் கையும் மேலே போனது. அது எதற்கென்று இவளுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது எந்த செக்‌ஷன் குழந்தை, ருக்மணி? யூனிஃபார்ம் எங்கே?"

வாசலில் பெரிய மேடம். அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை.

ஓங்கிய கை அவள் தலையில் வந்து இறங்கியது. நெற்றி முடியை ஒதுக்கிவிட்டது.

"பொறந்த நாளுங்க மேடம். அதானுங்க கலர் டிரஸ்."

பிறந்த நாள் பிள்ளைகள் மட்டும்தான் அங்கே கலரில் வரலாம். வயதுக்கு அவள் சின்ன உருவம் வேறு. மேடத்தின் முகம் இளகியது. ஹேப்பி பர்த்டே என்றார். சாக்லேட் எனக்கு இல்லையா என்றார். அதற்குள் அவருடைய போன் அடித்தது. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு யாரிடமோ பஸ் ரூட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். போகவில்லை.

அம்மா குனிந்தாள்.

"வாங்க தங்கம்."

எல்லாம் நடந்தது.

தண்ணீர் ஜில்லென்று இருந்தது. விலாவில் பட்ட அம்மாவின் விரல்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன. கிச்சுக்கிச்சு மூட்டுகிறாள் என்று நினைத்து அவள் நெளிந்து நெளிந்து சிரித்தாள். துண்டு. பவுடர். அலமாரியிலிருந்து கட்டம் போட்ட நீல ஸ்கர்ட். உள்பக்கம் வேறு யாருடைய பெயரோ தைத்திருந்தது. மடியில் ஏறிக்கொண்டாள். கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். அம்மா தட்டிவிடவில்லை. இன்னும் கொஞ்சம் துணிந்து, கன்னத்தை நெஞ்சில் சாய்த்தாள்.

"சமத்துங்க நீங்க" என்றாள் அம்மா. மேடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மேடம் போனை வைத்தார். அவள் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து, மாடிப்படிப் பக்கம் திரும்பியது.

அம்மாவின் கை நின்றது.

அவளை மடியிலிருந்து இறக்கினாள். அடிக்கவில்லை. வையவும் இல்லை. ஸ்கர்ட்டை உருவி, உதறி, பழைய மடிப்பிலேயே மடித்து அலமாரியில் வைத்தாள். கழுத்துப் பவுடரை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். ஆரஞ்சு கவுனைப் பிழிந்து தலை வழியே மாட்டினாள். பிறகு துணியை எடுத்துக்கொண்டு தரையைத் துடைக்க உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். துடைத்த இடத்தையே வெகுநேரம் துடைத்தாள்.

ஈரக் கவுன் தொடையில் ஒட்டியது. அவளுக்குக் குளிரெடுத்தது.

இருந்தும் உள்ளே போகாமல் நின்றாள். வாசலைப் பார்த்தாள்.

மாடிப்படிப் பக்கமிருந்து செருப்புச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.